சுவரில் ஒட்டியிருந்த தாள்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆவி அக்கா என்று பெயர். பேய் பிசாசு சமாச்சாரம் ஒன்றும் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறை ஒன்று அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே பதினெட்டு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவள். பக்கத்து அறை பிணவறை. அதனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "கீழ போய் ஆவி அக்காகிட்ட ட்ரே வாங்கிட்டு வா" என்றால் ஒரு நிமிஷம் முழிப்பார்கள். அக்காவுக்கு அந்தப் பெயரில் வருத்தம் கிடையாது. "உயிரோட இருக்கறப்பவே ஆவி ஆனவ நான் ஒருத்திதான்" என்பாள்.

நான் இரண்டாம் மாடியில் நிர்வாக அலுவலகத்தில் டைப் அடிக்கிறவன். கடிதம், சுற்றறிக்கை, விசாரணைக் குறிப்பு எல்லாம் என் விரல் வழியாகத்தான் வெளியே போகும். அக்காவை எனக்குத் தெரிய வந்ததே அவள் கொண்டு வரும் விண்ணப்பங்களால்தான். எல்லோரும் போனிலேயே பேசி அனுப்பிவிடுகிற இந்தக் காலத்தில், கோடு போட்ட தாளில் தேதி போட்டு, நீல மையில் எழுதிக்கொண்டு வருகிற ஒரே ஆள். எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் கோபமாக எழுதும்போதுகூட ஒரு பிழை இருக்காது. எங்கள் அதிகாரிகள் சொல்லச் சொல்ல நான் அடிக்கும் கடிதங்களில் நான்தான் திருத்தித் திருத்திச் சாகிறேன்.

பழைய மெஷினுக்கு ஒரு புத்தகம் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அக்கா அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு மெஷின் பக்கத்திலேயே வைத்திருந்தாள். ஒரு சந்தேகம் என்றால் புரட்டுவாள், விரலை வைப்பாள், பத்து விநாடியில் விடை கிடைத்துவிடும். ரப்பர் வளையம் எப்போது மாற்றினார்கள், எந்தத் திருகு சீக்கிரம் தளரும் என்றெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். போன வருஷம் அந்த மெஷினைத் தூக்கிவிட்டுப் புதியதை இறக்கினார்கள். பழைய புத்தகமும் பழைய மெஷினோடு லாரியில் ஏறிவிட்டது.

புதியதை இறக்கியவனிடம் அக்கா கேட்ட முதல் கேள்வி, "புத்தகம் எங்கப்பா?" அவன் மெஷினின் பக்கவாட்டைக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஸ்டிக்கர். "இதாங்க புத்தகம். போனைக் காட்டுங்க, வீடியோ வரும்" என்றான். அடித்தளத்தில் போனுக்குச் சிக்னல் கிடையாது. வீடியோ பார்க்க வேண்டும் என்றால் கையுறையைக் கழற்றி, கை கழுவி, பதினாறு படி ஏறி, மருந்துக் கிடங்கின் வாசலில் நின்று பார்க்க வேண்டும். பார்த்ததை மறக்காமல் திரும்ப இறங்கி வர வேண்டும்.

அந்த வீடியோவை நானும் பிற்பாடு பார்த்தேன். பதினாலு நிமிஷம். முதல் நிமிஷம் முழுக்கக் கம்பெனியின் முத்திரை சுற்றிச் சுற்றி வருகிறது. அப்புறம் கோட்டுப் போட்ட ஒருத்தன் வந்து வணக்கம் சொல்கிறான், சிரிக்கிறான், தங்கள் மெஷின் எத்தனை ஆஸ்பத்திரிகளில் ஓடுகிறது என்று பெருமை பேசுகிறான். நாலாவது நிமிஷத்தில், "வாங்க, நேரா விஷயத்துக்குப் போவோம்" என்கிறான். அடப்பாவி, அப்படியானால் இவ்வளவு நேரம் எங்கேடா போய்க்கொண்டிருந்தாய்? வேலையைச் சொல்லும் பகுதி வந்ததும் அவனும் காணாமல் போகிறான். யாரோ எழுதிவைத்த சுத்தத் தமிழை ஒரு கம்ப்யூட்டர் குரல் மூச்சு விடாமல் வாசிக்கிறது. திரையில் ஒரு எழுத்துக்கூட வராது. ரப்பர் வளையத்தை எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுவது என்று உங்களுக்கு ஒரே ஒரு எண் வேண்டும் என்று வையுங்கள். அது எந்த நிமிஷத்தில் ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முன்னால் தள்ளினால் தாண்டிவிடுகிறது. பின்னால் தள்ளினால் மறுபடியும் வணக்கம்.

அக்கா ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தாள். மெஷினின் செயல்முறையை அச்சில் தரும்படி கேட்டு, நாலே வரி. நிர்வாக அதிகாரி அதை ஓரமாக வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் காலத்துல யாரும்மா படிக்கிறாங்க? பாக்கறதுதான் சுலபம்."

"நான் படிக்கிறேன் சார்."

"உங்க ஒருத்தருக்காக அச்சடிக்க முடியுமா?"

"ஒரே ஒரு தாள் சார். பிரிண்டர் அதோ இருக்கு."

"வீடியோவுல எல்லாம் தெளிவா இருக்கும்மா. பொறுமையாப் பாருங்க."

பொறுமையாம். படிக்கிறவளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்ல இவர்களுக்குத்தான் வாய் வரும். அக்கா கீழே போனாள். அடுத்த நாலு நாள், சாப்பாட்டு நேரத்தில் மருந்துக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, வீடியோவை வரிக்கு வரி நிறுத்தி, பதினாலு நிமிஷத்தையும் எழுதி முடித்தாள். பிறகு வெறும் மெஷினை ஓட்டி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தாள். வணக்கம், சிரிப்பு, பெருமை எல்லாம் போக மிஞ்சியது பதினோரு வரி. அதைப் பெரிய எழுத்தில் ஒரு முழுத்தாளில் எழுதி, ஏழாவது வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டு, மெஷினுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினாள்.

அது மூன்று வாரம் இருந்தது. அப்புறம் தரச்சான்று கொடுக்கும் குழு வருகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடித்தார்கள். அனுமதி இல்லாமல் சுவரில் ஒட்டியுள்ள கையெழுத்துத் தாள்கள் எல்லாவற்றையும் அகற்றும்படி ஒரு சுற்றறிக்கை போனது. அதை டைப் அடித்தவன் நான்தான். காவலாளி கிழித்துக் கொண்டுவந்த கட்டில் அக்காவின் தாளும் இருந்தது. அவள் மாடி ஏறி வந்து கேட்டபோது மடித்தபடியே எடுத்துக் கொடுத்தேன். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"என்னக்கா பண்றது, மேலிடத்து உத்தரவு" என்றேன்.

"உத்தரவ மட்டும் எழுதித்தான் குடுப்பீங்க, இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சுருக்கென்றது. அதோடு விட்டுவிட்டேன்.

மதிய ஷிப்டில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், அந்த இடத்துக்கு அக்காவின் அண்ணியைப் போட்டார்கள். அக்காவின் சொந்த அண்ணன் மனைவி. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே துணி மடிக்கும் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். அதிர்ந்து பேசத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வாள், அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அவளுக்குப் பயிற்சி என்று கொடுத்தது அந்த வீடியோவைத்தான். காலை ஷிப்ட் அக்காவுக்கு, மதியம் அண்ணிக்கு. ஒருத்தி சாவியைக் கொடுத்துவிட்டுப் போக, இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள். வீட்டில் பார்த்துக்கொள்ளும்போது இருவரும் ஆஸ்பத்திரிப் பேச்சே எடுப்பதில்லை.

தனியாக ஓட்ட ஆரம்பித்த ஐந்தாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, அண்ணி மெஷின் கதவைத் திறந்தாள். உள்ளே மிச்சமிருந்த ஆவி மொத்தமும் அவள் மேல் பாய்ந்தது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோனது, தாடையில் ஒரு பக்கமும். அவள் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. கிருமி நீக்கின கத்திகளை எந்த அறைக்கு அனுப்புவாளோ அதே அறைக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

எட்டாம் நாள் விசாரணை. நிர்வாக அதிகாரி, தலைமை நர்ஸ், பராமரிப்பு இன்ஜினியர் மூன்று பேர் குழு. குறிப்பெடுக்க நான். அதே மெஷினை ஓட்டுகிறவள் என்பதால் சாட்சி சொல்ல அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணி வார்டில் படுத்திருந்தாள். முடிவு என்ன என்பது எனக்கு முன்பே தெரியும். "பணியாளரின் கவனக்குறைவே காரணம்" என்ற வரியை அதிகாரி முதல் நாளே சொல்லி என்னிடம் அடித்து வாங்கியிருந்தார். அந்த வரியில் கையெழுத்து விழுந்தால் அண்ணிக்கு வேலை போய்விடும். அதைவிட, தன் கையைத் தானே வேகவைத்துக்கொண்ட அசட்டு மனுஷி என்று அவள் பேரில் ஒரு காகிதம் காலத்துக்கும் இருக்கும்.

அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். "வீடியோவை அவங்க மூணு தடவ பாத்திருக்காங்க. இதோ, பதிவாயிருக்கு. மூணு தடவ பாத்தும் சொன்னபடி செய்யல. நேரத்துக்கு முன்னாடியே கதவத் திறந்திருக்காங்க. வேற என்ன வேணும்?"

"சார், அந்த ஏழாவது வரிய மட்டும் இங்க ஓட விடுங்க" என்றாள் அக்கா. "ஒன்பது நிமிஷம் நாப்பது விநாடியில வரும்."

"எதுக்கு?"

"அத ஆளுக்கு ஒரு தாள்ல எழுதுங்க. காதுல எப்படி விழுதோ அப்படியே."

"இது என்னம்மா பள்ளிக்கூடமா? டிக்டேஷன் போடறீங்க?"

"என் அண்ணி கை வெந்து கெடக்கு சார். ஒரு வரி எழுதினா உங்க கை ஒண்ணும் வெந்து போயிடாது."

தலைமை நர்ஸ்தான் முதலில் பேனாவை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். எனக்கு எதிரில் ஏற்கெனவே தாள் இருந்தது. வீடியோ ஓடியது. திரையில் மெஷினின் கதவு, அதன் மேல் ஒரு அம்புக்குறி. கம்ப்யூட்டர் குரல் ஒரு வரி சொன்னது. பின்னணியில் டிங் என்று ஒரு மணிச்சத்தம். எழுதினோம். இன்னொரு தடவை போடச் சொன்னார் அதிகாரி. போட்டார்கள்.

அக்கா நாலு தாளையும் வாங்கி மேஜை மேல் வரிசையாக வைத்தாள். தலைமை நர்ஸ் எழுதியது: ஒலி வந்த பின்னரே கதவைத் திறக்கவும். நான் எழுதியதும் அதேதான். இன்ஜினியர் எழுதியது: ஒளி வந்த பின்னரே கதவைத் திறக்கவும். நிர்வாக அதிகாரி எழுதியிருந்தது: ஒழி வந்த பின்னரே கதவைத் திறக்கவும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அண்ணியின் கை நினைவுக்கு வந்தது.

"வாய்விட்டுப் படிச்சா நம்ம வாயில நாலும் ஒண்ணுதான் சார்" என்றாள் அக்கா. "கண்ணால பாருங்க. வேக வெச்சு முடிஞ்சதும் மெஷின் பீப்னு கத்தும். கத்தினதும் பூட்டு விட்டுடும், கதவு திறக்க வரும். ஆனா உள்ள ஆவி இருக்கும். அது வெளியேற ஆறு நிமிஷம். அதுக்கப்புறம்தான் பச்சை லைட் எரியும். சொல்ல வந்தது லைட்ட. ஒளி. என் அண்ணி காதுல விழுந்தது ஒலி. நர்சம்மா காதுலயும் இந்தத் தம்பி காதுலயும் அதான் விழுந்திருக்கு. படம் எடுத்தவன் காதுலயும் அதான் விழுந்திருக்கு, இல்லேன்னா அந்த எடத்துல டிங்குன்னு எதுக்கு மணி அடிக்கிறான்? மூணு தடவ பாத்தாங்கன்னு சொல்றீங்களே, மூணு தடவையும் சத்தம் வந்தா திறன்னுதான் சார் அவங்களுக்குச் சொன்னீங்க. சொன்னபடி செஞ்சாங்க."

ல, ள என்று ஒரே ஒரு எழுத்தில் ஒளிந்திருக்கும் வித்தியாசம். எழுத்தில் இருந்திருந்தால் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். வீட்டில் யாராவது ஒளி என்று பேசுகிறோமா? லைட் என்போம், விளக்கு என்போம், வெளிச்சம் என்போம். தாளில் படிக்க எழுதிய வார்த்தையை எடுத்து, நாக்கே இல்லாத ஒன்றிடம் கொடுத்துப் பேசவைத்துவிட்டு, கேட்டவளைக் குற்றவாளி ஆக்கப் பார்த்தோம். நானும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

அக்கா தன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்து வைத்தாள். நாலு மூலையும் கிழிந்திருந்தது. முதல்முறையாக அன்றைக்குத்தான் படித்தேன். சிவப்பு மையில் ஏழாவது வரி: பீப் சத்தம் வந்தால் கதவைத் திறக்காதே. பச்சை விளக்கு எரிந்த பிறகு திற. நடுவில் ஆறு நிமிஷம் ஆகும்.

இன்ஜினியர் மெதுவாகச் சொன்னார். "சார், நானும் ஒலின்னுதான் கேட்டேன். மெஷின் தெரியும்கறதால மாத்தி எழுதினேன்." நல்ல மனுஷன், ஒப்புக்கொண்டார்.

அதிகாரி தன் தாளை மட்டும் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "சரி. பிரச்சினை புரிஞ்சுது. கம்பெனிகிட்ட சொல்லி வேற வீடியோ எடுக்கச் சொல்லிடலாம்."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "இன்னொரு வீடியோவா? யாரு கைய வெச்சு அது சரியா தப்பான்னு பாக்கப் போறீங்க?" அவள் குரல் நடுங்கியது. அழுகை இல்லை, முழுக்கக் கோபம். "என் அண்ணி மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுங்க. இந்தத் தாள மறுபடி சுவத்துல ஒட்டறேன்னு எழுதிக் குடுங்க. குடுக்கற வரைக்கும் நான் இங்கருந்து நகர மாட்டேன். ஆபரேஷன் தியேட்டர்ல கத்தி கேப்பாங்க. வெந்நியில கழுவிக் குடுங்க."

"நான் அவங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிடறேம்மா. உடனே."

"எழுதிக் குடுங்க சார்."

தலைமை நர்ஸ், "எழுதிக் குடுத்துடுங்க சார், பன்னெண்டு மணிக்கு ஒரு ஆபரேஷன் இருக்கு" என்றாள். அதிகாரி என் பக்கம் திரும்பி, வேண்டா வெறுப்பாகச் சொல்ல ஆரம்பித்தார். இச்சம்பவத்தில் யார் மீதும் தவறில்லை என விசாரணையில் தெரியவந்துள்ளது. அவ்வளவுதான், பூசி மெழுகி ஒரே வரி. போன் வந்தது, எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பேசினார்.

யார் மீதும் தவறில்லையாம். கை தானாக வெந்துபோயிற்று. எனக்கு அப்போது வந்த கோபம் அந்த ஆபீசில் பதினோரு வருஷத்தில் வந்ததில்லை. நான் என் போக்கில் அடித்தேன். அண்ணியின் பெயரைப் போட்டு, அவர் மீது எந்தத் தவறும் இல்லை என்று அடித்தேன். அவருக்குத் தரப்பட்ட வீடியோவின் வாசகம் தவறாகக் கேட்கும்படி இருந்தது என்று அடித்தேன். சரியான செயல்முறையை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த தாளை அகற்றியது நிர்வாகம் என்று அடித்தேன். அந்தத் தாள் உடனே அதே இடத்தில் ஒட்டப்படும் என்றும் அடித்து, முத்திரை வைத்து, போன் பேசி முடித்தவரிடம் நீட்டினேன். அவர் படிக்கவில்லை. கையெழுத்து எந்த இடத்தில் என்று மட்டும் கேட்டார்.

அக்கா வாங்கினாள். அங்கேயே நின்று முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "வா" என்றாள். நானும் அவள் பின்னால் வார்டுக்குப் போனேன்.

அண்ணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை கட்டு, தலையணை மேல் தூக்கி வைத்திருந்தது. அக்கா விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு எங்க கண்ணாடியெல்லாம் போட முடியுது, நீயே படிச்சுச் சொல்லும்மா" என்றாள்.

"மாட்டேன். நீங்களே படிங்க அண்ணி." அக்கா கண்ணாடியை எடுத்து அவள் முகத்தில் மாட்டிவிட்டு, கடிதத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

அண்ணி உதடு அசையப் படித்தாள். முதல் வரியில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள். கண் கலங்கியது. "எனக்குத்தான் காது மந்தமோன்னு இத்தன நாளும் நெனச்சுட்டுக் கெடந்தேன்" என்றாள். மேலே படித்தாள். மூன்றாவது வரிக்கு வந்ததும் உதடு நின்றுவிட்டது. அதை மட்டும் நாலு தடவை படித்திருப்பாள். பிறகு கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தாள்.

"சுவத்துல எழுதி ஒட்டியிருந்துச்சா?"

அக்கா கடிதத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். எழுதியிருந்தது நீதானே? கிழிச்சப்புறம் அது எங்க இருந்துச்சு?"

"என் டிராயர்ல."

"தெனம் சாவிய என் கையில குடுத்துட்டுத்தானே போன? ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

அக்கா கடிதத்தை மெல்ல இறக்கினாள். "நான் எழுதினத கிழிச்சுட்டாங்களேன்னு கோவம் அண்ணி. எப்படியோ போகட்டும்னு உள்ள போட்டுப் பூட்டினேன். கோவத்துல வேற எதுவுமே தோணல" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் தலைகுனிந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிழிக்கச் சொல்லி டைப் அடித்தவன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வலிக்கிறதா, அழுகிறாளா, தெரியவில்லை. பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்.

"தாளக் கீழ எறக்காத. நான் இன்னும் முழுசாப் படிக்கல."